ஒன்று கூட்டி

கோரிப்பாளையம், பெரியாஸ்பத்திரி, செவ்வாய்க்கிழமை.
மனநலப் பிரிவின் கடைசி அறையில்
மின்விசிறி மூன்றாம் எண்ணில் மட்டும்தான் சுற்றும்.
சுற்றினால் விடைத்தாள் பறக்கும்.
அதற்கென்றே மேசையில் கிடக்கிறது
வறண்ட வைகையில் பொறுக்கிய ஒரு கூழாங்கல்.

டோக்கன் முப்பத்தொன்று: காசிமாயன், பத்தொன்பது வயது.
உசிலம்பட்டிக்கு மேற்கே ஏதோ ஒரு பட்டி.
அம்மா ஒச்சம்மாள் வாசலோடு நின்றுகொண்டாள்.
உள்ளே வரக்கூடாதென்பது விதி.
கதவைச் சாத்தச் சொல்லி விதியில் இல்லை.

எழுபதுக்குக் கீழே வந்தால் சான்றிதழ்,
சான்றிதழ் வந்தால் உதவித்தொகை, பஸ் பாஸ்.
மேலே வந்தால் ஒன்றும் கிடையாது,
கெட்டிக்காரன் என்ற பேரைத் தவிர.
ஊரில் எல்லாப் பரீட்சைக்கும்
பிள்ளை ஜெயிக்கத்தான் நெய்விளக்குப் போடுகிறார்கள்.
என் அறை வாசலில் மட்டும்
தோற்கச் சொல்லி நேர்ந்துகொள்கிறார்கள்.

"நான் சொல்ற நம்பரை அப்படியே சொல்லணும் தம்பி.
நாலு, ஏழு, ஒண்ணு."
வாசலைப் பார்த்தான். பிறகு சொன்னான்:
"அஞ்சு, எட்டு, ரெண்டு."
தவறு. பூஜ்யம்.
"மூணு, எட்டு, ரெண்டு, ஆறு."
"நாலு, ஒம்பது, மூணு, ஏழு."
பூஜ்யம் போடக் குனிந்த பேனா
காகிதத்துக்கு ஒரு நூல் உயரத்தில் நின்றுவிட்டது.

தப்பாச் சொல்லுடா என்றுதான் சொல்லிக் கூட்டிவந்திருப்பாள்.
எப்படித் தப்பாக என்பது அவளுக்கே தெரியாது.
இவனாகக் கண்டுபிடித்த வழி:
கேட்டதை உள்ளே வைத்துக்கொண்டு
ஒவ்வொன்றிலும் ஒன்று கூட்டி,
முகத்தில் ஒன்றும் காட்டாமல்.
ஆறு வருஷம் இதையே படித்த நான்
வேண்டுமென்றே ஒன்பதை முன்னால் வைத்துக் கேட்டேன்.
"ஒம்பது, ரெண்டு, அஞ்சு."
நெற்றியில் ஒரு மடிப்பு. நெடுநேரம்.
"ஒண்ணுமில்ல, மூணு, ஆறு" என்றான்.

கட்டைகளில்தான் கை அவனைக் காட்டிக்கொடுத்தது.
சிவப்பும் வெள்ளையுமாக ஒன்பது.
படத்தில் உள்ளபடி அடுக்க வேண்டும்.
விரல்களிடம் யாரும் எதுவும் சொல்லிவைக்கவில்லை போலும்.
நாற்பத்தோராவது விநாடியில் முடித்துவிட்டு
தலையைச் சாய்த்து ரசித்துக்கொண்டிருந்தான்
வாசலில் வளையல் சத்தம் கேட்கும்வரை.
பிறகு ஒரே ஒரு கட்டையை, மெல்ல,
சிவப்பு கீழே போகும்படி திருப்பி வைத்தான்.

ஆனால் இதுவும் உண்மை:
ஐம்பது ரூபாய் கொடுத்துப் பதினெட்டு ரூபாய்க்கு வாங்கினால்
மிச்சம் எவ்வளவு என்றதற்கு அவனுக்குத் தெரியவில்லை.
நடித்தால் வாசலைப் பார்ப்பான்;
அப்போது தரையைப் பார்த்தான்.
பஸ்ஸின் போர்டு படிக்க வராது.
போன மாசியில் ஆரப்பாளையத்தில் ஏறி
உசிலம்பட்டி தாண்டியது தெரியாமல் தேனி போய்
இரண்டு நாள் காணாமல் போயிருக்கிறான்.

படிவத்தில் இதற்கெல்லாம் ஒரே ஒரு கட்டம்.
எந்த எண்ணும் இப்படி ஐந்து அப்படி ஐந்து
பிசகலாம் என்று கையேடே ஒத்துக்கொள்கிறது,
பொடி எழுத்தில்.
அந்த ஐந்துக்குள்தான் குடியிருக்கிறார்கள்
இந்த வராந்தாவில் பாதிப்பேர்.

சொல்லாமலே கட்டைகளைப் பெட்டியில் அடுக்கினான்.
நான் அடுக்கினால் மூடி துருத்திக்கொண்டு நிற்கும்.
இன்றைக்குச் சத்தமில்லாமல் மூடியது.

நாற்பத்தோராவது விநாடியை நம்பிக் கூட்டினேன்.
எழுபத்திரண்டு.

"பாஸாம்மா, பெயிலா?" என்றாள் ஒச்சம்மாள்.
மின்விசிறி தாளைத் தூக்கப் பார்த்தது.
கல்லை நகர்த்தி வைத்துவிட்டு
அவன் முறையிலேதான் எழுதினேன்.
கூட்டவில்லை, மூன்று கழித்தேன்,
முகத்தில் ஒன்றும் காட்டாமல்.